ஒரே வீட்டுக்கு இரண்டு படிவங்கள்

அருமனையிலிருந்து மலையைப் பார்த்து ஏறும் சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே தார் முடிந்து செம்மண் தொடங்குகிற இடத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினோம். அதற்கு மேல் ஏற்றம் அதிகம். பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நானும் என் தோழியும் நடக்கத் தொடங்கினோம். தலையில் மல்லிகைப்பூ, கழுத்தில் அடையாள அட்டை. தோழியின் கையில் ஒரு சீப்பு மட்டி வாழைப்பழம். வறுமையைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறவர்கள் இப்படிப் போகக் கூடாது என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அன்று மதியம் தோழியின் சர்ச்சில் ஒரு கல்யாணம். இரண்டு வீடுகளை மட்டும் முடித்துவிட்டு நேரே பந்திக்குப் போய்விடலாம் என்பது எங்கள் திட்டம். பழம் அவள் தன் வீட்டுக்கு வாங்கியது.

நாங்கள் இருவரும் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக் குழுவுக்காக வேலை பார்த்தோம். கடும் வறுமையில் இருக்கிற குடும்பங்கள் எவை, அரசுத் திட்டங்கள் ஏன் அவர்களிடம் போய்ச் சேரவில்லை, சேர வைக்க என்ன செய்யலாம் என்று கண்டுபிடிப்பது ஆய்வின் நோக்கம். சென்னையில் இருந்த ஒரு பேராசிரியை அதை நடத்தினார். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது எங்கள் பங்கு. அதற்கு முன்னால் நான் ஒரு தனியார் பள்ளியில் பொருளாதாரம் எடுத்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் பூதப்பாண்டி. வயல்காட்டுப் பக்கம் வளர்ந்தவள் என்பதால் மலைப்பக்கத்துப் பேச்சு எனக்குப் பாதிதான் பிடிபடும். தோழிக்கு அருமனையேதான் ஊர். அந்தப் பக்கத்தில் எந்தத் தோட்டத்துக்குள் எத்தனை வீடு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அதனால் அவள் கேட்பாள், நான் டேப்லெட்டில் பதிவு செய்வேன்.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்காரர்களிடம் 'வறுமை' என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எடுத்தால், ஏதோ கிடைக்கப்போகிறது என்று எண்ணிப் பதிலை மாற்றிச் சொல்வார்களாம். ஆகவே எந்த வீட்டுக்குப் போனாலும் தோழி ஒரே வாக்கியத்தைச் சொல்வாள்: "குடும்பத்தப் பத்திக் கொஞ்சம் விசாரிக்க வந்தோம்."

அன்றும் அதைத்தான் சொன்னாள்.

அது ஒற்றை அறையும் சாய்ப்பும் உள்ள மண்சுவர் வீடு. வாசலிலேயே ஒரு அக்கா நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். எங்களைக் கண்டதும் அவர் முகம் அப்படியே மலர்ந்தது.

"வாங்க, வாங்க. வழி கண்டுபிடிக்கச் செரமமா இருந்துதா? விசாரிக்கணும்லா! விசாரிக்காம பின்ன என்ன? இருங்க. வெள்ளம் குடிக்கியளா, சாயா போடட்டா?"

இத்தனை மாதங்களில் எந்த வீட்டிலும் எங்களுக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. தூரத்திலிருந்தே "இங்க ஒண்ணும் வேண்டாம்" என்று கையை ஆட்டியவர்கள்தான் அதிகம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டார். முற்றத்தில் ஒரு பசு கட்டியிருந்தது. அந்த முற்றத்தையே முதல் தடவையாகப் பார்ப்பதுபோல அது மிரண்டு மிரண்டு நின்றது. சாயா கொண்டு வந்தது அக்காவின் மகள். இருபத்து மூன்று வயது இருக்கலாம். நீலச் சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். டம்ளரை நீட்டும்போது தலையை நிமிர்த்தவேயில்லை. நல்ல அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

தோழி ஆரம்பித்தாள். "வீட்டுல எத்தன பேருக்கா?"

"நானும் பிள்ளையும் எனக்க தம்பியும். தம்பி உள்ள கிடக்கான், இடுப்புக்குக் கீழ அசைவு இல்ல. தெங்குல இருந்து விழுந்ததாக்கும். பரம்பரச் சூக்கேடு ஒண்ணும் எங்களுக்குக் கிடையாது."

நோய் பரம்பரையாக வந்ததா என்று எங்கள் படிவத்தில் கேள்வியே இல்லை. ஆனாலும் நான் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

"என்ன வேலை செய்யுதிய?"

"நான் ரப்பர் வெட்டுகேன். பிள்ள அண்டியாபீஸுக்குப் போறா." முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்கு அங்கே அதுதான் பெயர். "ஆனா கையில கறை ஒண்ணும் கிடையாது. வேணும்னா பாத்துக்கிடுங்க. ஏட்டி, கையக் காட்டு."

மகள் கையைக் காட்டவில்லை. முந்தானைக்குள் இன்னும் இறுக்கி மறைத்துக்கொண்டாள்.

"சாப்பாடு ஒரு நாளைக்கு எத்தன நேரம்?"

"மூணு நேரமும் உண்டு. நாலாவது நேரம் கேட்டாலும் குடுப்போம்."

உள்ளே யாரோ இருமினார்கள். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை.

"மழைக்குக் கூரை ஒழுகுமா?"

"ஒரு சொட்டு?" என்றார் அக்கா, அப்படி ஒரு கேள்வியையே முதல் தடவையாகக் கேட்பவர்போல. அவர் தலைக்கு நேர் மேலே, ஓடு உடைந்த இடத்தில், நீல நிறத் தார்ப்பாய் ஒன்று காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

மாடு உண்டா? உண்டு. நிலம்? கொஞ்சம் உண்டு, பங்காளிகளோடு. கேட்டதற்கெல்லாம் உண்டு, உண்டு என்றே பதில் வந்தது. நான் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனேன். எங்கள் கணக்குப்படி அந்த வீடு வறுமையின் பக்கத்தில்கூட வரவில்லை. ஓர் அரைமணி நேரத்தில் பந்திக்குப் போய்விடலாம் என்று எனக்கு ஒரு சந்தோஷம்.

கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். அங்கே இருந்த முதல் கேள்வியைத் தோழி வழக்கம்போல மெதுவாகக் கேட்டாள். "கடந்த ஒரு மாசத்துல, வீட்டுல யாராவது ஒரு நாள் முழுக்க ஒண்ணும் தின்னாம இருந்தது உண்டா அக்கா?"

அக்காவின் முகம் மாறியது. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல இதையா கேப்பாவ?"

உள்ளிருந்து தம்பியின் குரல் கேட்டது. "அக்கா! அவிய பொண்ணு பாக்க வந்தவிய இல்ல. கழுத்துல அட்ட தொங்குதுலா? கணக்கெடுக்க வந்தவிய!"

"நீ எப்பம்லே கண்ட?"

"வந்தப்பமே சன்னல் வழியாக் கண்டேன்."

"பின்ன ஏன்லே சொல்லல?"

"நீ நாலாவது நேரமும் சோறு போட்டியே, அதக் கேக்கதுக்கு நல்லா இருந்துது."

முதலில் சிரித்தது அந்தப் பெண்தான். அத்தனை நேரம் தலையைக் குனிந்திருந்தவள், முந்தானையை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதுதான் அந்தக் கைகளைப் பார்த்தேன். முந்திரிப் பாலின் கறுப்பு, விரல் இடுக்குகளில் ஏறிப்போயிருந்தது. தோழி சிரித்தாள். அக்கா முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்தச் சமயம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "ஆளுக போயாச்சா? பசுவ அவுத்துக்கிடலாமா? கறக்க நேரமாச்சு" என்று கேட்டார். நான் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். நாற்காலிகளின் முதுகில் நீலப் பெயிண்டில் நம்பர் போட்டிருந்ததையும் அப்போதுதான் தோழி கவனித்தாள். எல்லாம் அவளுடைய சர்ச் கூடத்து நாற்காலிகள்.

தரகர் ஒருவர், அன்றோ மறுநாளோ மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து குடும்பத்தை விசாரிப்பார்கள் என்று சொல்லிப் போயிருக்கிறார். பட்டுச் சேலை, பூ, பழம் என்று நாங்கள் போய் நின்றோம். வேறு எப்படி நினைப்பார்கள்?

சிரித்து முடித்ததும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பம் பிள்ள இன்னைக்கு வேலைக்குப் போகாம நின்னது வெறும் பாழாக்கும்" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. ஆலைக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி கிடையாது. தோழி மட்டிப்பழச் சீப்பை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள்.

பிறகு நாங்கள் யார், எதற்காக வந்தோம் என்பதை மறைக்காமல் சொன்னோம். வறுமை என்ற சொல்லையும் சொன்னோம். "செரி, இனி உள்ளதச் சொல்லுகேன். முதல்ல இருந்து கேளுங்க" என்றார் அக்கா. நான் புதிதாக இன்னொரு படிவம் திறந்தேன்.

மழைக்காலத்தில் ரப்பர் வெட்டு இல்லாத நாட்களில் அவர்கள் ஒரு நேரம்தான் சாப்பிட்டார்கள். அதுவும் மரச்சீனிக்கிழங்கு. ரேஷன் அரிசி வாங்கலாமே என்று கேட்டால், கார்டு இல்லை. அக்காவின் பெயர் கணவர் வீட்டுக் கார்டில் இருந்தது. கணவர் ஆறு வருடத்துக்கு முன்னால் வேலைக்கென்று மலைக்கு அந்தப் பக்கம் போய், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டார். அந்தக் கார்டுக்கு வரும் அரிசியை அவருடைய அம்மா வீட்டில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெயரை எடுத்தால்தான் புதுக் கார்டு. பெயரை எடுக்கக் கணவர் கையெழுத்து வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆள் இல்லை, கையெழுத்தும் இல்லை. தம்பிக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்கலாம் என்றால், டாக்டர் சான்றிதழுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு தடவை கட்டிலோடு சுமந்து இறக்கி, ஜீப் பிடித்துப் போயிருக்கிறார்கள். ஒரு தடவை டாக்டர் லீவு. இன்னொரு தடவை ரேஷன் கார்டு இருக்கிறதா என்று கேட்டார்கள்.

தம்பி கிடந்த அறைக்குள் போனேன். நாற்பது வயது, பெரிய மீசை. கட்டிலில் சாய்ந்து ஒரு பழைய ஸ்மார்ட்போனை நோண்டிக்கொண்டிருந்தார். தென்னை ஏறுகிற கூட்டாளிகள் சேர்ந்து வாங்கிக் கொடுத்ததாம். அந்த போன் எனக்கு ஒரு சிக்கல். வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தால் எங்கள் கணக்கில் வறுமை குறைந்துவிடும். அதை அவரிடம் சொன்னேன்.

"அப்பம் இந்த போன வெளிய எறிஞ்சா நான் ஏழையாயிருவேனா டீச்சர்?"

"ஆயிருவீங்க."

"எந்தக் கூறுள்ளவன் போட்ட கணக்கு இது?"

அந்தக் கணக்கு போட்ட கூட்டத்தில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணப் பந்தி முடிந்துதான் போய்ச் சேர்ந்தோம். பாயசம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஆளுக்கு மூன்று டம்ளர் குடித்தோம்.

அன்று சாயங்காலம் பேராசிரியைக்கு போன் செய்தேன். ஒரே வீடு, ஒரே காலை, இரண்டு படிவம். எதை அனுப்ப வேண்டும் என்று கேட்டேன். அவர் நடந்ததை முழுக்கக் கேட்டு, ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, "ரெண்டையும் அனுப்புங்க. நடந்ததையும் எழுதி அனுப்புங்க, ஒரு வரி விடாம" என்றார். எழுதினேன். எங்களை யார் என்று நினைக்கிறார்களோ அதற்கேற்பத்தான் பதில் வருகிறது, ஆகவே முதலில் நாம் யார் என்று தெளிவாகச் சொல்வோம் என்று எழுதினேன். போனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் என்றும் எழுதினேன். இன்னொரு விஷயத்தை எழுதும்போதுதான் எனக்கே அது தெளிவாகப் புரிந்தது. அந்த வீட்டுக்குத் தேவையான எல்லாத் திட்டமும் ஏற்கெனவே இருந்தது. ஒன்றை வாங்க இன்னொன்று வேண்டும், அதை வாங்க வேறொன்று வேண்டும் என்று எல்லாம் வட்டமாக நின்றன. அந்த வட்டத்துக்குள் நுழைய வழி மட்டும் இல்லை.

பல மாதம் ஒன்றும் நடக்கவில்லை. இடையில் உண்மையான மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முறுக்கும் அச்சப்பமும் தின்றார்கள், போனார்கள். பிறகு தகவலே இல்லை. அதற்காக அந்தப் பெண் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. "இனி எவன் வந்தாலும் ஞாயித்துக்கிழம வரச் சொல்லு. நான் லீவு எடுக்க மாட்டேன்" என்று மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டாளாம்.

எங்களுடையதைப் போன்ற குறிப்புகள் மற்ற மாவட்டங்களிலிருந்தும் போயிருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பேராசிரியை ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் பேரில் ஒரு சோதனை முயற்சிக்கு அனுமதி கிடைத்தது. மக்களை அலுவலகம் அலுவலகமாக அலைய விடாமல், எல்லா அலுவலர்களும் ஒரே நாளில் மலைக்குக் கீழே அங்கன்வாடியில் வந்து உட்கார்வது. எங்கள் பட்டியலில் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாக அன்றே முடித்துக் கொடுப்பது. பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. நாலு மேசை, எட்டு நாற்காலி. நாற்காலிகள் வழக்கம்போல சர்ச்சிலிருந்து.

அன்று காலை நல்ல மழை. அக்கா நனைந்துகொண்டே முதல் ஆளாக வந்து நின்றார். ரேஷன் கார்டு மேசையில் கண்ணாடி போட்ட ஓர் அலுவலர். அக்கா கணவர் கதையைச் சொன்னதும் அவர் கையில் இருந்த விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதுக்கு அவரு கையெழுத்து வேண்டாமேம்மா. நாங்களே விசாரிச்சுப் பேரை எடுக்கலாம்."

"ஆறு வருஷமா யாரும் இதச் சொல்லலியே சாரே?"

"ஆறு வருஷமா யாரும் எங்கிட்ட வந்து கேக்கலியேம்மா."

இரண்டு பேரும் சொன்னது உண்மை. பக்கத்தில் நின்ற எனக்கு அந்த மேசையைத் தட்ட வேண்டும்போல இருந்தது. விசாரணைக்கு வேறு எங்கே போவது? அண்டை வீட்டார் பாதிப் பேர் அங்கேயே வரிசையில் நின்றார்கள். பசுவின் சொந்தக்காரர்தான் முதல் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்தது தம்பியின் சான்றிதழ். டாக்டர் ஓர் இளம்பெண். அந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவர். நோயாளி எங்கே என்று கேட்டார். மேலே, மழையில் தூக்கி வர முடியாது என்றோம். ஜீப்பும் ஏறாது. டாக்டர் மலையைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "எவ்வளவு நேரம் நடக்கணும்?" என்றார்.

"பத்து நிமிஷம் டாக்டரம்மா" என்றாள் என் தோழி. அது அரைமணி நேர நடை. கர்த்தர் அந்தப் பொய்யை மன்னிப்பார் என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

மூச்சு வாங்க டாக்டர் உள்ளே நுழைந்ததும் தம்பி கட்டிலில் சாய்ந்தபடியே கும்பிட்டார். "பைய உக்காருங்க டாக்டரம்மா. நான் எங்கயும் ஓடிப் போவ மாட்டேன்." டாக்டர் சிரித்துவிட்டார். பரிசோதித்துவிட்டு, வீட்டுத் தரையிலேயே உட்கார்ந்து சான்றிதழை எழுதினார். அக்கா அவருக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தார். அன்றைய சாயா மாதிரி இல்லை, இது யாரையும் ஏமாற்றாத காப்பி என்று தம்பி சொன்னார்.

சில வாரங்களில் கார்டு வந்தது. உதவித்தொகை வந்தது. ஓடு மாற்றவும் அனுமதி கிடைத்தது. சக்கர நாற்காலி ஒன்றும் வந்தது. ஆனால் அந்தச் சரிவில் அதை உருட்ட முடியாது. தம்பி அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கீழே தார் ரோட்டோரத்தில், நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெரியவருக்குக் கொடுக்கச் சொன்னார். எங்கள் பட்டியலில் அந்தப் பெரியவரின் பெயரே இல்லை. "இப்படி இன்னும் யாரெல்லாம் விட்டுப்போயிருக்கு?" என்று கேட்டேன். அவர் கட்டிலில் கிடந்தபடியே விரல் விட்டு ஏழு வீடுகளைச் சொன்னார். தென்னை ஏறிய காலத்தில் அவர் போகாத முற்றம் அந்தப் பக்கத்தில் இல்லை. நாங்கள் போய்ப் பார்த்தோம். ஏழு வீடும் அவர் சொன்னபடியேதான் இருந்தன.

அத்தோடு அவர் நிற்கவில்லை. விண்ணப்பங்களை போனிலேயே போடலாம் என்று முகாமில் யாரோ சொன்னதை அக்கா மேலே வந்து சொல்லியிருக்கிறார். தம்பி ஒரு வாரம் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டார். முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், பட்டா மாற்றம் எல்லாவற்றுக்கும் ஆட்கள் மலை ஏறி அவரிடம் வர ஆரம்பித்தார்கள். அடுத்த முறை நாங்கள் போனபோது கட்டிலைச் சுற்றி நாலு பேர் காத்திருந்தார்கள். "வரிசையில வாங்க டீச்சர்" என்றார் எங்களிடமும்.

ஆய்வு முடிகிற சமயத்தில் நாகர்கோவிலில் ஒரு கூட்டம் நடந்தது. சென்னையிலிருந்து பெரிய அதிகாரிகள் வந்திருந்தார்கள். பயனடைந்தவர் ஒருவரைப் பேச அழைக்கச் சொன்னார்கள். 'பயனடைந்தவர்' என்ற சொல் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் மகளோடு வந்தார். ஓர் அதிகாரி மரியாதையாகக் கேட்டார். "உங்களுக்கு எந்தத் திட்டம்மா ரொம்ப உதவியா இருந்தது?"

அக்கா மைக்கைப் பார்த்துக் கொஞ்சமும் தயங்கவில்லை. "திட்டம் எல்லாம் பண்டே உண்டும்லா சாரே. டாக்டரம்மா செருப்பக் கழத்திக்கிட்டு நடந்து வந்தாவளே, அதுதான் புதுசு."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். என் தோழி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, "ஏட்டி, நாம எம்பது பக்கம் எழுதினோம்" என்றாள்.

கூட்டம் முடிந்ததும் நாங்கள் நாலு பேரும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம். மீன்குழம்பும் சோறும். அக்கா முதல் கவளத்தை வாயில் வைத்ததும் நிறுத்திவிட்டார். பரிமாறியவரைக் கூப்பிட்டு, "மீனு கொள்ளாம், நல்ல மீனு. புளி செரியில்ல. இது யாரு வச்சது?" என்று கேட்டார். அந்த ஆள் பயந்துபோய்ச் சமையல்காரரை அழைத்து வந்தார். கரண்டியோடு வந்த அவர் எங்கள் கழுத்து அட்டைகளைப் பார்த்து, ஏதோ சோதனைக்கு வந்தவர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். நேராக நின்றார்.

"சாதாரண வாளம்புளியா போட்டிய?"

"ஆமாக்கா."

"கொடம்புளி போடணும். ரெண்டு துண்டு போதும், வெள்ளத்துல ஊற வச்சுப் போடணும்."

"இஞ்ச நல்லது கிடைக்கல்லக்கா."

"எனக்க முற்றத்துல மரம் நிக்கு. அடுத்த வாரம் பிள்ளகிட்ட குடுத்து விடுகேன்."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "அம்மா, எனக்கு அண்டியாபீஸ் உண்டு. ஞாயித்துக்கிழமதான் வருவேன்."

"ஞாயித்துக்கிழம கடை உண்டும்" என்றார் சமையல்காரர், அந்தப் பெண்ணைப் பார்த்து. அக்கா அதைக் கவனித்தார். என் தோழியும் கவனித்தாள். நான் அப்பளம் கேட்டேன்.